ரயில் டிக்கெட்டில் பாதிக் காசு யாருடையது?

ரயில் பிரயாணி கொடுக்கும் கட்டணம், அவரை ஏற்றிச் செல்ல ஆகும் செலவுக்குப் போதுமா? போதாது என்பதை ரயில்வேயே டிக்கெட்டில் அச்சிட்டுச் சொன்னதுண்டு. செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலாகிறது என்பது அந்த வாசகம். 2024 டிசம்பரில் ரயில்வே மந்திரி லோக்சபையில் கொடுத்த கணக்கு இன்னும் இறங்கியது: 100 ரூபாய்ச் சேவைக்குப் பிரயாணி தருவது 54 ரூபாய்!

மீதி 46 ரூபாய் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் அதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அந்த யாரோ, பெரும்பாலும் கூட்ஸ் வண்டிதான்.

கூட்ஸ் வண்டியின் சுமை

ரயில்வேயின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்குக் கட்டணம். அதிலும் பாதியளவு நிலக்கரி ஒன்றிலிருந்தே வருகிறது. ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கத்தில் வெட்டிய கரி, பாரதீப் துறைமுகம் வரை ரயிலில் வந்து, எண்ணூருக்குக் கப்பலேறி, அங்கிருந்து மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு மறுபடியும் ரயிலேறுகிறது. அந்தக் கட்டணம் மின்சாரத்தின் அடக்க விலையில் சேர்கிறது. ஆகவே, டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசை, ரயிலே ஏறாத அண்டை வீட்டுக்காரரும் சேர்ந்து மின் கட்டணத்தில் கட்டுகிறார்!

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கரி வேறு வழியில் எளிதில் போகாது. சிமெண்டும் துணியும் போகும். ரயில் கட்டணம் ஏறினால் வியாபாரி லாரியைக் கூப்பிடுகிறார். 1951-ல் நாட்டின் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரயிலில் சென்றது. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சாலைகளின் வளர்ச்சியும் இதற்குக் காரணம் என்றாலும், கட்டணத்துக்கும் இதில் பங்குண்டு.

கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார்?

1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி அந்த அதிகாரம் மத்திய சர்க்காருக்கே. சரக்குக் கட்டணம் நியாயமற்றது என்று முறையிட, சென்னையில் தலைமையிடம் கொண்ட ரயில்வே கட்டண நீதிமன்றம் வெகுகாலம் இருந்தது. 2017-ல் அது நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் ரயில்வே நீதிமன்றத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. 1924 முதல் தனியாக இருந்துவந்த ரயில்வே பட்ஜெட்டும் அதே 2017-ல் பொது பட்ஜெட்டில் கலந்தது. கட்டணம் பற்றி யோசனை கூற ரயில் அபிவிருத்தி ஆணையம் ஒன்று அமைக்க மந்திரி சபை அவ்வாண்டு இசைந்தது; ஆயினும் கட்டணத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் சர்க்காரை விட்டு நகரவில்லை.

கட்டணத்தில் கை வைப்பது மந்திரிக்கு எத்தனை ஆபத்து என்பதற்கு 2012-ம் வருஷமே சாட்சி. அந்த மார்ச் மாதம் தினேஷ் திரிவேதி சாதாரண வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு 2 பைசா உயர்த்துவதாக அறிவித்தார். சில நாட்களுக்குள் பதவியை இழந்தார். அவருக்குப் பின் வந்தவர் சாதாரண வகுப்புகளின் உயர்வை ரத்து செய்தார். பைசா இரண்டுதான், போனதோ மந்திரி பதவி!

செய்யத்தக்கது என்ன?

ஏழைத் தொழிலாளி சீஸன் டிக்கெட்டில் வேலைக்குப் போவது நாட்டுக்கு நல்லது. சலுகை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது மறைவில் நடக்கலாகாது. சலுகைக்கு ஆகும் தொகையைச் சர்க்கார் பொதுக் கஜானாவிலிருந்து வெளிப்படையாக ரயில்வேக்குச் செலுத்தட்டும். 100 ரூபாய் வருமானத்தில் சுமார் 98 ரூபாய் நடைமுறைச் செலவுக்கே போகும் நிலையில், தண்டவாளம் புதுப்பிக்கவும் பெட்டி வாங்கவும் ரயில்வே கஜானாவைத்தானே எதிர்பார்க்கிறது?

தர்மம் செய்பவர் தம் பணத்தில் செய்யவேண்டும். அடுத்தவர் மடியிலிருந்து எடுத்துச் செய்யலாகாது. ரயில்வே கணக்குக்கும் அதே நியாயந்தான்.