விடைபெறும் ஆசிரியர் விட்டுச் செல்வது

பள்ளியாண்டு முடியும் பருவத்தில் நம் நெசவூர்களிலும் உழவர் சிற்றூர்களிலும் பிரிவுபசாரக் கூட்டங்கள் நடைபெறுவதுண்டு. பல்லாண்டுக் காலம் ஊர்ப் பிள்ளைகட்கு எழுத்தறிவித்த ஆசிரியருக்குச் சங்கத்தார் தம் தறியில் நெய்த ஆடையைப் போர்த்துவர். உழவர் வாழைத்தார் கொணர்வர். பழைய மாணாக்கர் கண் கலங்குவர். இவையாவும் தக்கனவே. ஆயினும், அவருக்குப் பின் அந்த இடத்தில் நிற்பவர் யார் என்னும் வினா அங்கே எழுவது அரிது. வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்த சிறுவனைத் தந்தையிடம் வாதாடிப் பள்ளிக்கு அழைத்து வந்தவர் அவரே. அப்பொறுப்பை ஏற்பார் இன்றேல், அச்சிறுவன் மீண்டும் இராட்டையின் முன் அமர்ந்துவிடக் கூடும்.

இவ்விடத்தில் குடந்தைக் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் நினைவுக்கு வருகின்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராகிய அவர், 1880ஆம் ஆண்டில் ஓய்வு பெற எண்ணினார். தமக்கு நடக்கும் உபசாரத்தை அவர் பெரிதாகக் கருதவில்லை. தம் இடத்துக்குத் தக்கவரைத் தேடினார். திருவாவடுதுறை மடத்தில் தமிழ் பயின்றும் பயிற்றுவித்தும் வந்த இளைஞர் சாமிநாதையரிடம் அவர் மனம் சென்றது. இருவரும் ஒரே ஆசிரியரிடம் பாடங் கேட்டவர்கள். மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் தாமே சென்று பேசி, அவரது இசைவைப் பெற்றார். கல்லூரித் தலைவர் கோபால ராவிடமும் பரிந்துரைத்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் சாமிநாதையர் அப்பணியை ஏற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

இதன் பயன் யாது? அதே ஆண்டில், குடந்தையில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் கண்டார். அச்சந்திப்பே அவரைப் பழஞ்சுவடிகளின்பால் திருப்பியது. சீவகசிந்தாமணி 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அவர் பதிப்பில் வெளிவந்தன. பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்கு அவர் இட்ட பெயர் ‘தியாகராச விலாசம்’ என்பதாகும். ஓர் ஆசிரியர் பெறத்தக்க பிரிவுபசாரம் இதனினும் உயர்ந்தது உண்டோ?

பாவு முடியுந் தறுவாயில் நெசவாளர் செய்வது யாவரும் அறிந்ததே. பழைய பாவின் முனையை அறுத்தெறிந்து விடுவதில்லை. அதன் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைப் பிணைக்கின்றனர். ஆசிரியர் ஓய்விலும் அப்பிணைப்பு வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியரின் ஓய்வு வயது 2021 முதல் 60 ஆகும். எனவே ஓய்வு நாள் முன்னரே தெரிந்த ஒன்று. புதியவர் வந்தவுடன், எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரத் தயங்குகின்றது, எவனுக்குக் கணக்கு வரவில்லை என்பவற்றைப் பழையவர் எடுத்துரைக்கலாம். சங்க உறுப்பினர் அவரைத் தெருத் தெருவாக அழைத்துச் சென்று அறிமுகஞ் செய்யலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கூட்டுறவுச் சங்கங்கட்கும் இது பொருந்தும். நெடுநாள் கணக்கெழுதிய செயலாளர் ஓய்வு பெறுமுன் இளையவர் ஒருவரைப் பழக்கி வைப்பாராயின், சங்கம் தளராது. மாலை வாடும், ஆடை நைந்து போகும், தகுதியறிந்து தேர்ந்த ஒருவரை விட்டுச் செல்பவரின் பணி மட்டும் தொடர்ந்து நடைபெறும்.