எலியின் தட்டும் ஆராய்ச்சியாளர் மனமும்

விஞ்ஞானம் பட்சபாதம் அறியாதது என்று மாணவருக்குக் கற்பிக்கின்றோம். தராசுக்கு உறவுமில்லை, பகையுமில்லை என்பது மெய்யே. ஆனால், தராசில் எதனை வைப்பதென்று தீர்மானிக்கும் கை மனிதனுடைய கையன்றோ? போஷாக்கு ஆராய்ச்சியில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். ஏனெனில், வழக்கம், சமயம், குலப்பெருமை, மண்பற்று ஆகிய யாவும் சோற்றுடன் சேர்த்தே நமக்கு ஊட்டப்படுகின்றன.

நீலகிரியிலுள்ள குன்னூரில், 1920-களில், றொபேட் மக்காரிசன் என்னும் வைத்தியர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். இந்தியாவின் பல்வேறு மக்களின் உணவென்று தாம் கருதியவற்றை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டினார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியை முதலாகக் கொண்ட சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை கடைசியில் நின்றன.

எலிகள் பொய் சொல்லவில்லை. பாலும் தவிடு நீங்காத தானியமும் உடலை வளர்க்கும் என்பதே அவை தந்த செய்தி. மக்காரிசனோ அதனோடு நிற்கவில்லை. வடநாட்டாரின் உடல்வலிமைக்கும் தென்னாட்டாரின் மெலிவுக்கும் உணவே காரணமென விளக்கினார். சீக்கியரும் பட்டாணியரும் போர்க்குலத்தார் என்னும் எண்ணம் அவர் காலத்துப் பிரித்தானியப் படையில் முன்னரே வேரூன்றியிருந்தது. சென்னை மாகாணத்தில் நிலக்கிழாரின் பந்தியும் கூலியாளின் கஞ்சியும் ஒன்றாமோ? ஒரு பெருமக்கட் கூட்டத்தை ஒரே தட்டில் அடக்கியது எலியன்று, ஆராய்ச்சியாளரே.

1935-ல் அவருக்குப்பின் அந்நிலையத்தின் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், அரிசியைக் குறித்து வேறு வினாவை எழுப்பினார். நெல்லை அவிக்கும்போது விற்றமின் பீ1 அரிசியின் உள்ளே ஊறுகிறது. தீட்டிய பின்னும் ஒரு பகுதி எஞ்சி நின்று பெரிபெரி நோயைத் தடுக்கிறது. நம் பாட்டிமார் முற்றத்தில் நெல்லவித்த வழக்கத்துள் மறைந்திருந்த பயன் இவ்வாறு வெளிப்பட்டது. வினா மாறவே அரிசியின் மதிப்பும் மாறிற்று!

1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும் உணவை ஆராய்ந்தவரே. அவருடைய ஆராய்ச்சிக்கூடம் அவர் உடல். 1912-ல் பாலை விலக்கி விரதம் பூண்டார். 1918-ல் கடும் நோயுற்றபோது, உடல் தேறப் பால் வேண்டுமென்று வைத்தியர் வற்புறுத்தினர். முடிவில் ஆட்டுப்பாலை ஏற்றார். விரதத்தின் சொல்லைக் காத்தேனேயன்றி அதன் பொருளைக் காக்கவில்லை என்ற கருத்தைத் தம் சுயசரிதையில் மறைக்காது எழுதினார். கொள்கையையும் அவர் கைவிடவில்லை. தமக்கு மாறான உண்மையையும் ஒளிக்கவில்லை.

நான் மரக்கறி உணவினன். மரக்கறியைப் புகழும் ஆராய்ச்சியை ஒருமுறை படித்ததும் நம்பிவிடுகிறேன். குறைகூறுவதாயின் மும்முறை படித்துப் பிழை தேடுகிறேன். விற்றமின் பீ12 தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. பாலும் தயிரும் கூடத் தவிர்ப்போர் அதனை வேறு வழியிற் பெற்றேயாக வேண்டும். இதனை வகுப்பிற் கூறியபோது ஒரு மாணவி எழுந்து, “ஏன் சேர், இதை மட்டும் மெல்லமாச் சொல்லுறியள்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்டது உண்மை.

உயிர்க்கொலை தவிர்த்தல் என் அறம். அதற்கு விஞ்ஞானத்தைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்தல் தகாது. அறம் தன் காலிலேயே நிற்க வல்லது.

மாணவர்களே! உணவு ஆராய்ச்சி ஒன்றைப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். எதனை எதனோடு ஒப்பிட்டார்கள்? எதனை அளக்காது விட்டார்கள்? எந்த முடிவை முன்னரே விரும்பினார்கள்? மூன்றாம் வினாவை மட்டும், படிக்குமுன் உங்களிடமே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.