மூன்று வாரம் எப்படிப் பத்து நிமிடமானது?

ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானைப் பார்க்கிறது. எதை எப்போது பார்ப்பது? மங்கலான விண்மீன் கூட்டத்துக்கு நிலவில்லா இரவு வேண்டும். அது உயரே வரும் நேரமும் பொருந்த வேண்டும். ஒரு சமயத்தில் ஓர் இலக்குதான். செயற்கை நுண்ணறிவில் இப்படி நேரம் ஒதுக்குவது கட்டுப்பாட்டு நிறைவுச் சிக்கல். இலக்குகள் மாறிகள்; நேரங்கள் அவற்றின் மதிப்புகள்; மேலே சொன்ன நிபந்தனைகள் கட்டுப்பாடுகள்.

ஒவ்வொன்றாகச் சோதித்தால் என்ன? பத்து இலக்குகளைப் பத்து நேரங்களில் அடுக்கவே 36,28,800 வழிகள்!

ஹப்பிள் தொலைநோக்கிக்குக் கிடைத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் ஏதோ ஓர் அட்டவணை போடுவார்கள். கட்டுப்பாடுகளோடு மோதும் இலக்கு ஒன்றை எடுத்து, மோதல் மிகக் குறையும் நேரத்துக்கு நகர்த்துவார்கள், மீண்டும் மீண்டும். ஒரு வார அட்டவணைக்கு மூன்று வாரம் பிடித்த வேலை சுமார் பத்து நிமிடத்தில் முடிந்தது.