டில்லிக்கு மாற்றல்: குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு டில்லி ஒன்றும் புது ஊர் அல்ல. டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறியவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அப்படிப் போனவர்களின் பிள்ளைகள் தமிழ் மறக்காமல் படிக்க வேண்டும் என்று 1923லேயே பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். இன்று அது டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக நடக்கிறது. 1946ல் தமிழ்ச் சங்கம் வந்தது. 1973ல் ஆர்.கே.புரத்துக் குன்றின் மேல் நம் சுவாமிமலை சுவாமிநாதனுக்கே கோயில் எழும்பி, உத்தர சுவாமிமலை என்று பெயரும் ஆயிற்று. தி.ஜானகிராமன் அங்கே வானொலியில் வேலை பார்த்தார். கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தார்.

இவ்வளவு பழக்கம் இருந்தும், மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் வீட்டுப் பெண்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "குளிர் எப்படி? குழந்தைங்க தாங்குமா?"

என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஏனென்றால் 2003 முதல் 2008 வரை ஐந்து குளிர்காலம் கரோல்பாக்கில் ஒரு பர்சாத்தியில் குடித்தனம் செய்தவள் நான். பர்சாத்தி என்றால் மொட்டை மாடி மேல் கட்டின ஒற்றை அறை. என் மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோதுதான் 2006 ஜனவரி 8 வந்தது. அன்று விடியற்காலையில் டில்லியில் 0.2 டிகிரி, எழுபது வருஷத்தில் இல்லாத குளிர் என்று பேப்பரில் போட்டார்கள். மாடியில் விட்டிருந்த பக்கெட் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மெல்லிசாக ஓர் ஏடு. விரலால் தொட்டதும் உடைந்தது.

இந்தத் தடவை கேட்டது என் சொந்தத் தங்கை. பாபநாசத்தில் இருக்கிறாள். ஐப்பசி கடைசியில் அவள் வீட்டுக்காரருக்கு உத்தரவு வந்தது, டிசம்பர் முதல் வாரம் டில்லி ஆபீசில் சேர வேண்டும் என்று. பெண்ணுக்கு ஐந்தரை வயசு. பையனுக்கு எட்டு மாதம். பெண்ணுக்கு மழைக்காலத்தில் இளைப்பு வரும். இரண்டு வருஷமாக இன்ஹேலர் கையோடு இருக்கிறது.

"புருஷன் இருக்கிற இடத்திலேதான் பெண்டாட்டி பிள்ளை இருக்கணும். ஓட்டல் சாப்பாட்டிலே அவன் உடம்பு என்னாகும்?" என்றார் அவள் மாமியார். "பச்சைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு அந்தக் குளிருக்கா?" என்றார் எங்கள் அம்மா. தங்கை வீட்டுக்காரர் எதற்கும் வாய் திறக்கவில்லை. அவள் எனக்குப் போன் போட்டு, "அக்கா, நீயே ஒரு முடிவு சொல்லுக்கா" என்றாள்.

முடிவு சொல்ல நான் யார்? எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குளிர். நம் பக்கம் மார்கழி, தை மாத இரவில் 20, 21 டிகிரி இருக்கும். அதற்கே காதில் மப்ளர் சுற்றிக்கொண்டுதான் பால் வாங்கப் போவோம்! டில்லியில் ஜனவரி இரவு சராசரியாக 7, 8 டிகிரி. வெயில் அடித்தால் பகலில் 20 வரை ஏறும். மூடுபனி விலகாத நாளில் மத்தியானம்கூட 13, 14ஐத் தாண்டாது. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் வீட்டுக்கு வெளியே உள்ள கணக்கு. நாம் பார்க்க வேண்டியது வீட்டுக்குள்ளே.

கனடாவில் இருக்கும் என் ஓர்ப்படி மகள் சொல்லுவாள், வெளியே மைனஸ் இருபது என்றாலும் வீட்டுக்குள் 20, 21 டிகிரி வைத்திருப்பார்களாம். கட்டும்போதே சூடேற்றும் வசதியோடு கட்டிய வீடுகள். டில்லி வீடுகள் வெயிலுக்குப் பயந்து கட்டியவை. செங்கல் சுவர், மொசைக் தரை, உயரமான ஜன்னல். தை மாதத்தில் அந்தத் தரை காலைக் கடிக்கும். ஆபீசுக்குப் போகிறவர் வெயில் பட நடந்து போய், கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து வருகிறார். பகல் முழுக்க அந்த அறைக்குள் இருப்பது அம்மாவும் குழந்தையும்தான். அதனால் "டில்லி எவ்வளவு குளிர்?" என்று கேட்பதை விட, "நாம் இருக்கப்போகிற வீடு எந்தத் திசை பார்த்தது, எந்த மாடி, வெயில் எத்தனை மணி நேரம் உள்ளே வரும்?" என்று கேட்பதில்தான் பிரயோஜனம். தெற்கு பார்த்த ஜன்னல் இருந்தால் பாதிக் குளிர் போய்விடும், ஏனென்றால் குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. தரைத்தளத்து வீடு வாடகை குறைவு என்று சொல்வார்கள். நாலு பக்கமும் கட்டிடம் மறைத்த தரைத்தள வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு ஜனவரியை ஓட்டுவது கஷ்டம்.

வேலைகளும் மாறும். இட்லி மாவு ராத்திரி அரைத்தால் காலையில் பொங்கியிருக்கும் என்பதை மறந்துவிட வேண்டும். ஒரு முழு நாள் ஆகும். பாத்திரத்தை ரஜாய்க்குள் சுற்றி வைப்பது, அகலமான பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் இறக்குவது என்று ஆளுக்கொரு வித்தை. தயிருக்குப் பாலைச் சற்றுச் சூடாகவே எடுத்து, உறை மோர் ஒரு ஸ்பூன் கூட்டி ஊற்றி, ஹாட்பாக்ஸில் மூடி வைத்தால் தோயும். தேங்காய் எண்ணெய் மூன்று மாதம் கல்தான். குழந்தைத் துணிகள் மூன்று நாள் ஆனாலும் காயாது. இஸ்திரி போட்டுத்தான் ஈரத்தை எடுக்க வேண்டும். தினம் குளிப்பாட்டுவோமே, அதுவும் நடக்காது. வெயில் ஏறிய பிறகு எண்ணெய் தடவி, ஒருநாள் விட்டு ஒருநாள் குளிப்பாட்டி, மற்ற நாள் வெந்நீரில் துடைத்துவிட்டால் போதும். சாம்பிராணிப் புகை வேண்டாம். நம் ஊர்த் திறந்த கூடம் வேறு, கதவு ஜன்னல் சாத்திய அந்த அறை வேறு.

துணி விஷயத்தில் ஒரு தடிமனான ஸ்வெட்டரை விட, இரண்டு மூன்று மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதுதான் சூடு. பெரியவர்கள் போடுவதை விடக் குழந்தைக்கு ஒன்று கூட. கை சில்லென்று இருக்கிறதே என்று பதற வேண்டாம். நெஞ்சிலும் பிடரியிலும் கை வைத்துப் பாருங்கள்; அங்கே கதகதப்பு இருந்தால் சரி, வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை மேல் ரஜாய் போர்த்தவே கூடாது; முகத்தை மூடிவிட்டால் அதனால் விலக்கத் தெரியாது. கை கால் மூடிய கம்பளி உடுப்பே போதும். முதல் வருஷம் முழுவதும் தினம் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். வெயிலே காணாத ஊரில் அதை ஒருநாளும் விடக்கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கீட்டி என்று கரியடுப்பு ஒன்று உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பக்கத்தில் வைத்துத் தூங்கி, விடியும்போது எழுந்திருக்காத குடும்பங்களைப் பற்றி ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே பத்திரிகையில் வரும். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, வாந்தி, தூக்கம், அவ்வளவுதான் அடையாளம். காற்றுப் போக்கில்லாத குளியலறையில் கேஸ் கெய்சர் வைப்பதும் அதே ஆபத்து. வீடு பார்க்கும்போது குளியலறைக் கதவைத் திறந்து, என்ன கெய்சர், எங்கே ஜன்னல் என்று பார்க்க வேண்டும். எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் விலை கூடத்தான். ஆனாலும் வாங்கிவிட வேண்டும்.

இவ்வளவையும் தங்கை "ம், ம்" என்று கேட்டுக்கொண்டாள். குளிரைச் சமாளித்துவிடலாம் என்று அவளுக்கும் தைரியம் வந்தது. பிறகு நான் புகையைப் பற்றிச் சொன்னேன்.

நமக்கு வைக்கோல் என்றால் மாட்டுக்குத் தீனி. பஞ்சாப், அரியானாவில் நெல்லை மிஷினால் அறுத்ததும் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் அவகாசம். தாளை வயலிலேயே கொளுத்திவிடுகிறார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை அந்தப் புகை டில்லி பக்கம் வருகிறது. அங்கேயே வண்டிப் புகை, கட்டிட வேலைத் தூசி, குப்பை எரிப்பது எல்லாம் வேறு. குளிர்காலத்தில் காற்று வீசாது. கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றுமாகப் பாத்திரத்துக்கு மூடி போட்டாற்போல் ஆகிவிடும். கிளம்பிய புகை கிளம்பிய இடத்திலேயே நிற்கும். காற்றின் தரத்துக்கு அரசாங்கம் போடும் எண்ணில் 50 வரை நல்லது, 400க்கு மேல் கடுமை. டில்லி நவம்பர்களில் 400ஐத் தாண்டுவது அதிசயமில்லை. 2023 நவம்பரிலும் 2024 நவம்பரிலும் இதற்காகவே பள்ளிகளை மூடினார்கள்.

நான் இருந்த நாளிலும் புகை இருந்தது. ஆனால் என் பிள்ளைக்கு இளைப்பு இல்லை. தங்கை பெண்ணுக்கு இருக்கிறது. இங்கேதான் விஷயம் மாறுகிறது. குளிருக்கு ஸ்வெட்டர் போடலாம், மூச்சுக்கு என்ன போடுவது? முகமூடி பெரியவர்கள் அளவுக்குச் செய்தது. சின்னக் குழந்தை முகத்தில் இடைவெளி விட்டுவிடும். காற்றைச் சுத்தம் செய்யும் மிஷின் ஓர் அறைக்குத்தான் உதவும், அதுவும் கதவைச் சாத்தினால்.

"பெண்ணை டாக்டரிடம் காட்டி, 'டில்லிக்குப் போகிறோம், எந்த மாதம் போகலாம்?' என்று கேள்" என்றேன். போனாள். போகவே கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. தடுப்பு இன்ஹேலரை ஒருநாளும் நிறுத்தக் கூடாது, இரண்டு குழந்தைக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட வேண்டும், முடிந்தால் புகை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் கொண்டுபோய் இறக்க வேண்டாம் என்றார்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருந்தது. டிசம்பரில் போய் இறங்கும் பெண்ணுக்கு எதிர்வீட்டு முகம்கூடத் தெரியாது. எல்லோரும் கதவைச் சாத்தியிருப்பார்கள். ஹிந்தி வராது. ஐந்து மணிக்கே மசமசவென்று இருட்டிக்கொண்டு வரும். மார்ச்சில் போனால் ஜன்னல்கள் திறந்திருக்கும், மாடியில் துணி உலர்த்தப் போகும்போதே நாலு பேர் பழக்கமாவார்கள். அங்கே பள்ளிக்கூட வருஷமும் ஜூனில் அல்ல, ஏப்ரலில் பிறக்கிறது. பெண்ணுக்கு மார்ச்சில் ஆறு வயது முடிகிறது. கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயதுதான் கேட்கிறார்கள். குடும்பத்தை ஆறு மாதத்துக்குள் பின்னால் அழைத்து வந்தாலும் சர்க்கார் பயணப்படி உண்டு என்று தங்கை வீட்டுக்காரர் ஆபீசில் கேட்டு வந்தார்.

இரண்டு குடித்தனச் செலவு நாலு மாதத்துக்கு. அதைக் கேட்டதும் மாமியார் முகம் சுளித்தார், நியாயம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். டிசம்பர் குளிரில் அவசரமாகக் கிடைத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பிடிக்காமல் மாறினால் ஆகும் செலவும் கிட்டத்தட்ட அவ்வளவு வந்தது. அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை.

தங்கை வீட்டுக்காரர் டிசம்பர் 2ந் தேதி தனியாகப் போய்ச் சேர்ந்தார். கூடப் படித்தவரோடு ஓர் அறையில் இருக்கிறார். ஞாயிறுதோறும் வீடு பார்க்கிறார். பகல் பதினொரு மணிக்கு ஜன்னலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள் இவள், வெயில் விழுகிறதா என்று பார்க்க. மார்ச் மூன்றாம் வாரம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாகிவிட்டது. இரண்டு ராத்திரி, ஒரு பகல். மாமியாரும் கூடப் போகிறார், மூன்று மாதத்துக்கு.

அடுத்த ஐப்பசி என்ன ஆகும் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. பெண்ணுக்கு மூச்சு முட்டினால் அரைப் பரீட்சையைப் பார்க்காமல் பாபநாசத்துக்கு வந்துவிடுவது என்று இரண்டு பேரும் இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். அப்படி வர நேர்ந்தால் தெற்கே மாற்றல் கேட்டு மனுப் போடவும் அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.