ஏரிக்கரையில் ஏழு குடும்பங்கள்

பணி மாறுதல் ஆணை என்பது வங்கி அலுவலர் எவருக்கும் புதிதன்று. சில ஆண்டுகளுக்கொருமுறை வீட்டைக் காலி செய்வதும், புதிய ஊரில் எரிவாயு இணைப்புக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அலைவதும் எங்கள் வாழ்வின் இயல்பான வரவு செலவுகள். ஆனால், ஆட்டிசம் உடைய என் மகனுக்கு ஒவ்வொரு மாறுதலும் பெரும் இழப்பாகவே அமைந்தது. கோயம்புத்தூரில் பழகிய ஒரே நண்பனை ஹைதராபாத்துக்கு வந்ததும் இழந்தான். அங்கே ஓராண்டு முயன்று பழகிக்கொண்ட ஆசிரியையைப் புணேக்கு வந்ததும் இழந்தான். புணேயில் குடியேறியபோது அவனுக்கு வயது பதினொன்று. பெயர் சொல்லி அழைக்க ஒரு தோழனும் இல்லை.

வெளியூர்ப் பயணங்களையும் நாங்கள் நிறுத்திவிட்டிருந்தோம். ஒரு விடுதியில் நள்ளிரவில் மகன் உரக்க அழுதபோது, மற்ற விருந்தினர்களுக்கு இடையூறு என்று கூறி மறுநாள் காலையிலேயே அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அதன்பின் நான்கு ஆண்டுகள், இரவு தங்கும் பயணம் எதையும் நாங்கள் மேற்கொள்ளவில்லை.

காத்திருப்போர் அறையில் பிறந்த எண்ணம்

புணேயில் மகனுக்குப் பயிற்சி நடைபெறும் நிலையத்தின் காத்திருப்போர் அறையில் வாரந்தோறும் ஒரே முகங்களைச் சந்தித்து வந்தோம். மராத்தியர், கன்னடர், வங்காளி, தமிழர் எனப் பல மொழியினராயினும் பேச்சு ஒன்றே: உறங்காத இரவுகள், மறுக்கப்பட்ட பள்ளிச் சேர்க்கைகள், வராமற்போன பிறந்தநாள் அழைப்புகள். அவர்களுள் மூத்தவரான ஒரு தாய் ஒருநாள் கேட்டார்: “தனித்தனியே போனால்தானே மற்றவர்கள் நம்மைப் பார்ப்பார்கள்? எல்லோரும் சேர்ந்தே போனால் என்ன?”

அந்தக் கேள்வியே ஏழு குடும்பங்களின் கூடாரப் பயணமாக உருவெடுத்தது. பெற்றோர் 13 பேர், குழந்தைகள் 10 பேர், ஒரு பாட்டி, ஒரு சிறப்பாசிரியை என மொத்தம் 25 பேர், ஐந்து வாகனங்கள். பத்துக் குழந்தைகளுள் எழுவருக்குச் சிறப்புத் துணை தேவை. எஞ்சிய மூவர் அவர்களின் உடன்பிறந்தோர்.

இடமும் காலமும்

புணேயிலிருந்து சங்கம்னேர், அகோலே, ராஜூர் வழியாக ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் உள்ள பண்டார்தராவைத் தேர்ந்தெடுத்தோம். முன்பு அகமத்நகர் என்றும் இப்போது அகில்யாநகர் என்றும் வழங்கும் மாவட்டத்தில், சகயாத்ரி மலைகளுக்கிடையே அமைந்த சிற்றூர் அது. பிரவரா ஆற்றின் குறுக்கே 1910இல் தொடங்கி 1926இல் கட்டி முடிக்கப்பட்ட வில்சன் அணையும், அதனால் உருவான ஆர்தர் ஏரியும் அங்கு உள்ளன. மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான 1,646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாய் அருகிலேயே உள்ளது.

மே மாத இறுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை இங்கு மரந்தோறும் மின்மினிகள் ஒளிரும். அக்காட்சியைக் காணப் பெருங்கூட்டம் திரளும். கூட்டமும் இரைச்சலும் எங்கள் குழந்தைகளுக்கு ஒவ்வாதவை. ஆகவே சங்கராந்தியை அடுத்து வந்த ஜனவரி வார இறுதியைத் தேர்ந்தோம். குளிர் மிகுதி, ஆனால் மழையில்லை, கூட்டம் குறைவு.

சிறுகச் சேர்த்த செலவு

வணிகவியல் பயின்றவன் என்பதால் கணக்கு என் பொறுப்பாயிற்று. கூடாரமும் உணவும் ஒருவருக்கு ஓரிரவுக்கு 1,200 ரூபாய் வீதம், இரண்டு இரவுகளுக்கு 60,000 ரூபாய். சிறப்பாசிரியையின் ஊதியம் 10,000. முதலுதவிப் பொருள்கள், ஊதல்கள், ஒளிரும் கைப்பட்டைகள், படஅட்டைகள் ஆகியவற்றுக்கு 4,000. எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கீடு 10,000. ஆக மொத்தம் 84,000 ரூபாய், குடும்பத்துக்கு 12,000. எரிபொருளும் சுங்கமும் அவரவர் பொறுப்பு.

பயிற்சிக் கட்டணங்களே மாதந்தோறும் பெருந்தொகையாகும் இக்குடும்பங்களுக்கு ஒரே தவணையில் 12,000 என்பது எளிதன்று. எனவே ஜூலை மாதத்திலேயே ஒவ்வொரு குடும்பமும் மாதம் 2,000 ரூபாய் வீதம் ஆறு மாதத் தொடர்வைப்பு ஒன்றைத் தொடங்கியது. டிசம்பருக்குள் தொகை முழுவதும் சேர்ந்துவிட்டது. எவரும் கடன் வாங்கவில்லை. எவரும் தம் நிலையைப் பிறரிடம் விளக்க நேரவுமில்லை. மலைப்பகுதியில் கைப்பேசித் தொடர்பு சீராக இராது என்பதால் யுபிஐயை மட்டும் நம்பாமல், வாகனத்துக்கு 3,000 ரூபாய் ரொக்கமாகவும் எடுத்துச் சென்றோம்.

முன்தயாரிப்பே பாதிப் பயணம்

அடுத்து என்ன நிகழும் என்பது தெரியாதபோதுதான் எங்கள் குழந்தைகளின் பதற்றம் பெருகும். ஆதலால் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் படஅட்டை செய்தோம்: வாகனம், உணவகம், கழிப்பறை, கூடாரம், ஏரி, உறக்கம், வீடு. அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் வகுத்த ‘சமூகக் கதை’ முறையில், “நான் கூடாரத்தில் உறங்குவேன். இரவில் காற்றின் ஒலி கேட்கலாம். அது ஆபத்தன்று” என்பன போன்ற எளிய தொடர்களால் சிறு புத்தகம் ஒன்றைச் சிறப்பாசிரியை எழுதித் தந்தார். ஒரு மாதம் அதை நாள்தோறும் படித்தோம். அடுக்ககத்தின் மொட்டைமாடியில் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் ஒத்திகையும் பார்த்தோம். முதல் இரவு அரைமணி நேரம். இரண்டாம் இரவு விடியும்வரை.

பத்துக் குழந்தைகளையும் ஐந்து இணைகளாகப் பிரித்தோம். உடன்பிறந்த மூவரும் தம் சொந்தத் தம்பி தங்கையருக்கன்றி வேறு குழந்தைக்கே இணையாயினர். வீட்டில் நாள்தோறும் சுமக்கும் பொறுப்பிலிருந்து அவர்களுக்கும் ஓய்வு வேண்டுமல்லவா? என் மகனுக்கு இணையாக அமைந்தவன், மிகக் குறைவாகவே பேசும் பதின்மூன்று வயதுச் சிறுவன். பேசாத ஒருவனும் பேச்சைத் தொடங்கத் தெரியாத ஒருவனும் எவ்வாறு பழகுவார்கள் என எனக்கு ஐயம். அதை வெளியிடவில்லை.

நெடுஞ்சாலையில்

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது, எவ்வாகனமும் முந்துவதில்லை என்ற இரு விதிகளோடு காலை 6 மணிக்குப் புறப்பட்டோம். ஒலி குறைக்கும் காதணிகள் எல்லா வாகனங்களிலும் இருந்தன. நாராயண்காவை நெருங்கியதும், அருகிலுள்ள கோடத் கிராமத்தை மையமாகக் கொண்டு அமைந்த மாபெரும் வானொலித் தொலைநோக்கியைப் பற்றி மகனுக்குக் கூறினேன். 30 அலைவாங்கிகள், ஒவ்வொன்றின் விட்டமும் 45 மீட்டர். எண்களில் பெருவிருப்பம் கொண்ட அவன் “1,350” என்றான். பின் இருக்கையில் இருந்த அவன் இணை, ஓசையின்றிச் சிரித்தான்.

நண்பகலில் ஏரிக்கரையை அடைந்தோம். முகாமை நடத்துவது உள்ளூர்க் குடும்பம். அவ்வீட்டு மூதாட்டி சங்கராந்தி எள்ளுருண்டையை எல்லோர் கையிலும் வைத்து, இனிமையாகப் பேசுங்கள் என வாழ்த்தினார். ஒரு குழந்தை உருண்டையைத் தூக்கி எறிந்தது. அவர் முகம் சுளிக்காமல் வேறொன்றை எடுத்துத் தந்தார். ஒரு கூடாரத்தை ‘அமைதிக் கூடாரம்’ என ஒதுக்கி, மங்கிய விளக்கும் கனத்த போர்வைகளும் வைத்தோம். முதல் இரவு மூன்று குழந்தைகள் உறங்கவில்லை, இருவர் அழுதனர். ஆயினும் எவரும் எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத இடமாக அது இருந்தது.

அந்த ஒன்பது நிமிடங்கள்

இரண்டாம் நாள் மாலை 6 மணி முதல் 7 மணி வரை குழந்தைகளைக் கண்காணிக்கும் முறை என்னுடையது. 6.20 மணிக்குக் கிளையிலிருந்து அழைப்பு வந்தது. தொடர்பு தெளிவாகக் கிடைக்கும் மேட்டுக்கு நடந்து சென்று பேசினேன். பக்கத்து முகாமில் எவரோ ஒலிபெருக்கியில் பாட்டை உரக்க வைத்ததை நான் பொருட்படுத்தவில்லை. 6.30 மணிக்கு வழக்கமான தலைக்கணக்கின் ஊதல் ஒலித்தது. இருபத்து நான்கு. என் மகனைக் காணவில்லை.

ஏரி அறுபது மீட்டர் தொலைவில். இத்தகைய குழந்தைகள் பலரை நீர் ஈர்க்கும் என்பதால், எவரேனும் காணாமற்போனால் முதலில் நீர்க்கரையைத் தேடவேண்டும் என முன்பே வகுத்திருந்தோம். இருவர் கரைக்கும் ஒருவர் சாலைக்கும் ஓடினர். மற்றவர்கள் குழந்தைகளை வட்டமாக அமர்த்தினர். நான் நீருக்குள் முழங்கால்வரை இறங்கி அவன் பெயரைக் கூவினேன். என் மனைவி ஒரு சொல்லும் கூறவில்லை. அம்மௌனத்தை இன்றும் மறக்க இயலவில்லை.

அப்போது அவன் இணையான சிறுவன் எழுந்து வந்து சிறப்பாசிரியையின் கையை இழுத்தான். கழுத்தில் தொங்கிய படஅட்டைகளைப் புரட்டி ஒன்றைக் காட்டினான்: வாகனம். வாகனங்களைச் சற்றுத் தொலைவில் மரங்களுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தோம். அங்கே மூன்றாவது வாகனத்தின் பின்புறம், இரு கைகளாலும் காதுகளை அடைத்தபடி என் மகன் அமர்ந்திருந்தான். எதிரே மணலில் ஐந்து வாகனங்களின் எண்களும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. என்னைக் கண்டதும், “அப்பா, பாட்டு நின்றுவிட்டதா?” என்று கேட்டான்.

ஒன்பது நிமிடங்கள். இரைச்சல் எழுந்தால் அவன் எங்கே போவான் என்பது, அவனோடு ஒன்றரை நாள் பழகிய சிறுவனுக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்கள் பதினைந்து பேரும் ஓடினோம், கூவினோம், அச்சிறுவனை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

இருபது ஆண்டுப் பணியில், பெட்டக அறைச் சாவியை மாற்று அலுவலரின் கையொப்பம் பெறாமல் நான் ஒருபோதும் ஒப்படைத்ததில்லை. பத்துக் குழந்தைகளின் பொறுப்பை எவரிடமும் ஒப்படைக்காமல் மேடேறிச் சென்றேன். இதை அன்றிரவே அனைவர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டேன். அப்போதே புதிய விதி ஒன்றைச் சேர்த்தோம்: கண்காணிப்பவர் சிவப்புக் கைப்பட்டை அணிய வேண்டும், அதை இன்னொருவரின் கையில் கட்டிவிட்டே நகர வேண்டும். இத்தகைய பயணத்தைத் திட்டமிடும் எவருக்கும் நான் கூறும் முதல் அறிவுரை இதுவே.

உடன்பிறந்தோரின் வட்டம்

அன்றிரவு, உடன்பிறந்த குழந்தைகள் மூவரும் நெருப்பருகே தனியே அமர்ந்து நெடுநேரம் பேசினர். அவர்களுள் பதினான்கு வயதுச் சிறுமி தன் தாயிடம் பின்னர் கூறியது: “இந்த இரண்டு நாளும் தம்பியைப் பற்றி யாருக்கும் விளக்கவேண்டி வரவில்லை, அம்மா.” துணை தேவைப்படும் குழந்தைகளைப் பற்றியே எண்ணும் நாம், அவர்தம் அக்காவையும் அண்ணனையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

நெருப்பைச் சுற்றிப் பெரியவர்கள் பேசியதில் பாதி பணத்தைப் பற்றியது. அதன் சாரம் வாசகர்களுக்கும் பயன்படும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. தனித்துவ அடையாள அட்டையைப் பெற்றுப் பயணத்தில் உடன் வைத்திருத்தல் நலம்.

தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்போர், சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 80டிடி என நாம் அறிந்த கழிவைப் பெறலாம்: குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் எனில் 75,000 ரூபாய், 80 விழுக்காடும் அதற்கு மேலும் எனில் 1,25,000 ரூபாய்.

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் சான்றிதழ் பெறலாம். வங்கிக் கணக்கு நடைமுறைக்கும் அது உதவும்.

மீதித் தொகை

மூன்றாம் நாள் காலை, சுட்ட சோளக்கதிரைக் குழந்தைகளுக்குத் தந்தார்கள். என் மகன் தன் கதிரை முறித்து, எவரும் சொல்லாமலே பாதியைத் தன் இணைக்கு நீட்டினான். அவன் வாங்கிக்கொண்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே உண்டு முடித்தனர்.

எதிர்பாராச் செலவுக்கான 10,000 ரூபாயில் 2,800 மட்டுமே செலவாயிற்று. எஞ்சிய 7,200 ரூபாயைத் திருப்பித் தரவேண்டாம், அடுத்த பயணத்துக்கு முதலாகட்டும் என ஏழு குடும்பங்களும் முடிவு செய்தன. புதிய தொடர்வைப்புகளும் தொடங்கிவிட்டன. தவணை நாள்களை நாட்காட்டியில் வட்டமிடும் பணியை மகன் ஏற்றுள்ளான்.

ஒரே பயணத்தில் அவன் மாறிவிட்டான் என எழுத எனக்குத் துணிவில்லை. இன்றும் கூட்டத்தைக் கண்டால் காதுகளை அடைத்துக்கொள்கிறான். ஆனால் சனிக்கிழமைதோறும் மாலையில், அச்சிறுவன் தெருவில் படமெடுத்த ஏதேனும் ஒரு வாகன எண் என் கைப்பேசிக்கு வருகிறது. அதிலுள்ள இலக்கங்களைக் கூட்டி, விடையை மட்டும் என் மகன் திருப்பி அனுப்புகிறான். அவர்களிடையே வேறு பேச்சில்லை. இதுவரை ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

அடுத்த மாறுதல் ஆணை எனக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். தொடர்வைப்பை எந்த ஊரிலிருந்தும் செலுத்தலாம். வாகன எண்ணையும் எந்த ஊருக்கும் அனுப்பலாம்.