தலைக்கு மேல் கைமாறிய பிள்ளைகள்

கூடிசன் பார்க் மைதானத்தில் வளர்ந்த எவர்டன் கால்பந்து அணியின் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கோப்பைகளைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. முதன்முதலாகப் பார்த்த ஆட்டத்தில் எதிரணி யார், யார் கோல் போட்டார் என்பதெல்லாம் பலருக்கு மங்கிப்போயிருக்கும். யார் கூட்டிப்போனார், எந்த வழியாக நுழைந்தோம், எங்கே நின்றோம் என்பவை மட்டும் எழுபது வயதிலும் அழியாமல் இருக்கும்.

லிவர்பூல் நகரின் வடபகுதியில், செங்கல் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் தெருக்களுக்கு நடுவே 1892-இல் திறக்கப்பட்ட மைதானம் அது. ஒரு மூலையில், இரண்டு கேலரிகளுக்கு இடையே புனித லூக்கா தேவாலயம் எட்டிப் பார்க்கும். 1948 செப்டம்பரில் பக்கத்து வீட்டுப் பகையாளியான லிவர்பூல் அணியுடன் நடந்த ஆட்டத்துக்கு 78,299 பேர் திரண்டார்கள். எல்லோருக்கும் இருக்கை போட்ட பிற்காலத்தில் அதே மைதானம் கொண்டது ஏறக்குறைய அதில் பாதிப் பேரைத்தான். அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் கான்கிரீட் படிகளில் தோளோடு தோள் உரச நின்றவர்கள்.

அந்த நெரிசலில் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? முன்னால் நிற்பவரின் கோட்டு முதுகு தெரியும். சிலர் வீட்டிலிருந்து முக்காலி எடுத்துப்போய் அதில் பிள்ளையை ஏற்றி நிறுத்தினார்கள். மற்றவர்களுக்குக் கூட்டமே வழி செய்தது. அப்பா பிள்ளையைத் தூக்கி முன்படியில் நிற்பவரிடம் கொடுப்பார். அவர் தனக்கு முன்னால் இருப்பவரிடம் கொடுப்பார். இப்படித் தலைகளுக்கு மேலாகக் கைமாறிக் கைமாறி, பிள்ளை மைதானத்தை ஒட்டிய குட்டைச் சுவரருகே வந்து இறங்கும். பெயர்கூடத் தெரியாத இருபது முப்பது பேரை நம்பிப் பெற்ற பிள்ளையைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அப்பா கீழே இறங்கி வந்து அழைத்துப் போவார். அன்றைய இங்கிலாந்தின் பல மைதானங்களில் இது சாதாரணக் காட்சி.

கூட்டிப்போக ஆள் இல்லாத பையன்களுக்கு வேறு வழிகள் இருந்தன. சுழல்வாயிலில் முன்பின் தெரியாத பெரியவரிடம் “என்னைத் தூக்கிவிடுங்கள்” என்று கேட்பார்கள். அவர் தூக்கி அந்தப் பக்கம் இறக்குவார். வாயில்காப்பாளர் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். சிறுவர்களுக்கென்றே மூலையில் கம்பிவலை போட்டு அடைத்த பகுதியும் உண்டு. கட்டணம் குறைவு, ஆனால் முரட்டுத்தனம் அதிகம். அங்கிருந்து ஏறிக் குதித்துப் பெரியவர்கள் பக்கம் தப்பிப் போவதைத் தனிச் சாகசமாகவே சொல்வார்கள். கையில் காசே இல்லையென்றால், ஆட்டம் முடியக் கால்மணி, இருபது நிமிடம் இருக்கும்போது, சீக்கிரம் வீடு போகிறவர்களுக்காகக் கதவைத் திறப்பார்கள் அல்லவா, அதுவரை தெருவில் காத்திருக்க வேண்டும். அவர்கள் வெளியேறும்போது இவர்கள் உள்ளே ஓடுவார்கள். காத்திருக்கும் நேரத்தில் தெருவில் நிற்கும் கார்களுக்குக் காவல் இருப்பதாகச் சொல்லிச் சில்லறை வாங்கிக்கொள்வதும் உண்டு.

ஆட்டம் தொடங்கும் சனிக்கிழமை மூன்று மணி என்ற நேரமே தொழிலாளர்களிடமிருந்து வந்தது. 1850-இல் வந்த சட்டம் நெசவாலைகளைச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மூட வைத்தது. அந்த அரைநாள் விடுப்பு பிறகு மற்றத் தொழில்களுக்கும் பரவியது. வேலை முடித்த அப்பாவும் பள்ளி இல்லாத பிள்ளையும் சேர்ந்து போக வாரத்தில் கிடைத்த ஒரே பொழுது அது.

முதல் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லும் முதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் புல்லின் பச்சையைச் சொல்கிறார்கள். இருண்ட படிக்கட்டில் ஏறி வெளியே வந்ததும் கண்ணைப் பறித்த பச்சை, அதன்மேல் எவர்டனின் நீலச் சட்டைகள். இதற்குக் காரணம் உண்டு. பிபிசி தொலைக்காட்சியின் ‘மேட்ச் ஆஃப் தி டே’ கால்பந்து நிகழ்ச்சி 1964-இல்தான் தொடங்கியது. அதில் வண்ணம் வந்தது 1969 நவம்பரில். வீட்டுப் பெட்டியிலும் செய்தித்தாளிலும் அதுவரை கால்பந்து சாம்பல் நிறமாகவே இருந்தது. அந்தத் தலைமுறைப் பிள்ளை கால்பந்தின் நிறத்தைப் பார்க்க நேரில்தான் போக வேண்டும்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தமானது. இடைவேளையில் மற்ற ஊர் ஆட்டங்களின் நிலவரம் ஒரு பலகையில் வரும். அணிகளின் பெயர் இருக்காது. ஏ, பி, சி என்று எழுத்துகளும் பக்கத்தில் எண்களும்தான். எந்த எழுத்து எந்த ஆட்டம் என்பது அன்றைய ஆட்டத்துக்கான கையேட்டில் அச்சாகியிருக்கும். கையேடு வாங்கிய பையனைச் சுற்றி அந்தப் பத்து நிமிடமும் பெரியவர்கள் குனிந்து நிற்பார்கள்.

ஆட்டத்துக்கு முன் பழங்கால உடையணிந்த இளம்பெண் மைதானத்தைச் சுற்றி வந்து எவர்டன் மின்ட் மிட்டாய்களைக் கூட்டத்தை நோக்கி வீசுவது அங்கே வழக்கமாக இருந்தது. பிடித்தவர்கள் மறப்பதில்லை.

மைதானத்தோடு இந்த மக்களுக்கு இருந்த ஒட்டுதல் சாவோடும் முடியவில்லை. 1927-28 பருவத்தில் லீக் ஆட்டங்களில் மட்டும் 60 கோல் போட்ட எவர்டன் வீரர் டிக்ஸி டீன், 1980 மார்ச்சில் இதே கூடிசன் பார்க்கில் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உயிர்விட்டார். 800-க்கும் மேற்பட்ட ரசிகர்களின் அஸ்தி ஆடுகளத்தின் ஓரங்களில் புதைக்கப்பட்டிருக்கிறது.

நின்று பார்த்த காலத்தை இப்படிக் கொண்டாடும்போது 1989 ஏப்ரல் 15-ஐத் தாண்டிப் போக முடியாது. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், வேலிக்குள் அடைபட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். அவர்களில் பத்து வயதுப் பையனும் ஒருவன். ரசிகர்கள் மீது தவறில்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்று ஜூரி சொல்ல 2016 வரை ஆனது. துயரம் நடந்த அடுத்த நாட்களில், லிவர்பூல் அணியின் மைதானமான ஆன்ஃபீல்டுக்கும் கூடிசனுக்கும் நடுவே உள்ள ஸ்டான்லி பூங்காவின் குறுக்கே சிவப்பும் நீலமுமாக மப்ளர்களை முடிச்சிட்டு ஒரே சரமாகக் கட்டினார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு அணிக்காரர்களும் இருக்கும் ஊர் அது.

அந்தத் துயரத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கை 1990-இல் வந்த பின், மேல்மட்ட அணிகளின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை கட்டாயமானது. அது தேவையாகவே இருந்தது. பிள்ளைகள் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். ஆனால் கட்டணத்தை இத்தனை ஏற்றச் சொல்லி எந்தப் பாதுகாப்பும் கேட்கவில்லை. சட்டைப்பைச் சில்லறையோடு நண்பர்களோடு கிளம்பிப் போகும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இன்று பிரீமியர் லீக்கில் இடமில்லை. இருக்கையையும் விலையேற்றத்தையும் ஒரே மாற்றமாகப் பேசுவதை நான் ஏற்கவில்லை.

2025 மே 18 அன்று எவர்டன் ஆண்கள் அணி கூடிசனில் கடைசியாக ஆடி, சவுத்தாம்டனை 2-0 என வென்று, மெர்சி ஆற்றங்கரையில் 52,000-க்கும் மேற்பட்டோர் அமரும் புது மைதானத்துக்குப் போய்விட்டது. இடிக்கப்படுவதாக இருந்த பழைய மைதானம் பெண்கள் அணிக்கு வீடாகியிருக்கிறது. தாத்தாக்கள் தூக்கிவிடப்பட்ட அதே தெருக்களின் வழியாகப் பேத்திகள் இப்போது ஆட்டம் பார்க்கப் போகிறார்கள். அங்கே சிறுவர் சிறுமியருக்கான கட்டணத்தையாவது, தெருவில் கார் காத்துச் சம்பாதிக்கும் காசுக்குள் வைத்திருக்க வேண்டும்.