இலவச லேப்டாப்பில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுதா? குரோமை மூடுங்க... எந்த பிரவுசர் ஓரளவு பாதுகாப்பு?

திருப்பரங்குன்றத்தில், பக்கத்தில் திருநகர், ஹார்விபட்டியில், எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒரு வீட்டிலாவது அது இருக்கும். தமிழக அரசு முத்திரையோடு ஒரு பழைய லேப்டாப். அண்ணன் ப்ளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்தது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜர் வயர் லேசாக அசைந்தால் போதும், மெஷின் அணைந்துவிடும். ஆனாலும் தூக்கிப் போட மனசு வராது. வேலைக்கு விண்ணப்பம் போட, மார்க் ஷீட்டை பிடிஎஃப் ஆக்க, வீட்டில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் அதுதான்.

"அண்ணே, இதுல பேங்க் பாஸ்வேர்டெல்லாம் போடலாமா?" என்று தங்கச்சி கேட்கிறார் என்று வையுங்கள். அதில் குரோம்தான் ஓடுகிறது என்றால் பதில், வேண்டாம். பிரவுசரை மாற்றினால் விண்ணப்பம் போடலாம், செய்தி படிக்கலாம், மெயில் பார்க்கலாம். பேங்க் வேலைக்கு மட்டும் அப்போதும் வேறு வழி பார்ப்பது நல்லது. ஏன் என்று பார்ப்போம்.

2023-லேயே நின்றுபோன குரோம்

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்தநாளன்று தொடங்கியது. சில வருஷங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைக்குப் போனது. தொடக்க காலத்தில் கொடுத்த மெஷின்களில் இருந்தது விண்டோஸ் 7. அதிலும் பலவற்றில் 'ஸ்டார்ட்டர்' என்ற குட்டிப் பதிப்பு. டெஸ்க்டாப் வால்பேப்பரைக்கூட மாற்ற விடாத பதிப்பு அது. 2 ஜிபி-க்கு மேல் ரேம் போட்டாலும் அதற்குத் தெரியாது.

அந்த விண்டோஸ் 7-க்கு பொதுமக்களுக்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்தியது. காசு கட்டி நீட்டித்த நிறுவனங்களுக்கும் 2023 ஜனவரி 10-ல் முடிந்தது. அதே நாளில் விண்டோஸ் 8.1-க்கும் கதவு சாத்தப்பட்டது. அடுத்த மாதமே கூகுளும் கையை விரித்தது. விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் கடைசி குரோம், பதிப்பு 109. மைக்ரோசாஃப்ட் எட்ஜும் அதே 109-ல் நின்றது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குரோம் 109 இன்றும் திறக்கும், யூடியூப் ஓடும். மேலே 'இனி அப்டேட் வேண்டுமானால் விண்டோஸ் 10 தேவை' என்று ஒரு பட்டை வரும், எக்ஸ் பட்டனை அமுக்கினால் போய்விடும். அதனால் 'நல்லாத்தானே ஓடுது' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பூட்டு உடைந்த கதவும் சாத்தினால் சாத்தியபடிதான் நிற்கும்.

ஓட்டை என்றால் எப்படிப்பட்ட ஓட்டை? ஒன்றைச் சொன்னால் போதும். 2023 செப்டம்பரில் 'வெப்பி' என்ற பட வகையைத் திறந்து காட்டும் மென்பொருளில் ஒரு பெரிய குறை வெளிவந்தது. தவறான நோக்கத்தோடு தயாரித்த ஒரு படம் பக்கத்தில் இருந்தாலே போதும், நீங்கள் எதையும் க்ளிக் செய்யாமலே உங்கள் கம்ப்யூட்டரில் வேறொருவரின் ப்ரோக்ராம் ஓட வாய்ப்பு. கூகுள் உடனே குரோம் 116-ல் திருத்தம் கொடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் மறுநாளே கொடுத்தது. வீட்டு விண்டோஸ் 7-ல் இருந்த குரோம் 109-ஐ கூகுள் கைவிட்டு அப்போதே ஏழு மாதம் ஆகியிருந்தது. அதன்பிறகு கண்டுபிடித்த ஓட்டைகள் எத்தனையோ.

அப்போ எதைப் போடலாம்?

பழைய சிஸ்டத்துக்கு பிரவுசர் தேர்ந்தெடுக்கும்போது வேகம், அழகு எல்லாம் அப்புறம். முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'இதற்கு இன்னும் யாராவது ஓட்டை அடைத்துக் கொடுக்கிறார்களா?'

பெரிய நிறுவனங்களில் விண்டோஸ் 7-க்கு அப்படிச் செய்தது மொசில்லா மட்டும். 2023 ஜூலையில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115-ன் 'இஎஸ்ஆர்' பதிப்பு, அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. இதில் புது வசதிகள் சேராது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். அலுவலகங்களுக்காகச் செய்த ஏற்பாடு, பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு வரமாக அமைந்துவிட்டது. அடிக்கடி முகம் மாறாமல், திடீரென்று க்ராஷ் ஆகாமல் ஓடும். விண்டோஸ் 7, 8, 8.1-க்கு இதை முதலில் 2024 செப்டம்பரோடு நிறுத்துவதாகத்தான் திட்டம். பயன்படுத்துபவர்கள் குறையாததால் 2025 மார்ச், பிறகு 2025 செப்டம்பர், பிறகு 2026 மார்ச் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். இப்படித் தள்ளித் தள்ளி ஓடும் விஷயம் நிரந்தரம் இல்லை. போடும் முன் மொசில்லாவின் உதவிப் பக்கத்தில் ஆதரவு இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஃபயர்ஃபாக்ஸ் இருந்தால், மெனுவில் 'உதவி', அதில் 'ஃபயர்ஃபாக்ஸ் பற்றி' என்று போய் பதிப்பு எண்ணைப் பாருங்க. 115-ல் தொடங்கி, புள்ளிக்கு அடுத்த எண் குறைந்தது 13 இருக்க வேண்டும். 2025 மார்ச் 14-ல் மொசில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதி ஆனது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஆட்-ஆன்கள் வேலை செய்யாமல் போகலாம், பாதுகாப்பு ஏற்பாடுகளும் சரியாக நடக்காது.

புதிதாகப் போடுபவர்கள் கூகுளில் 'ஃபயர்ஃபாக்ஸ் டவுன்லோட்' என்று தேடி முதலில் வரும் விளம்பரத்தைத் தொட வேண்டாம். மொசில்லாவின் சொந்தத் தளத்துக்கே போங்க. லேப்டாப்பில் அந்தத் தளமே திறக்கவில்லையா? மொபைலில் இறக்கி யுஎஸ்பி கேபிள் வழியாக மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்றால் 32 பிட் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும், 64 பிட் அதில் ஏறாது.

'உலா' வேலை செய்யுமா?

நம்ம ஊர் பிரவுசர் ஒன்று இருக்கே என்று கேட்பீர்கள். ஜோஹோ 2023 மே மாதம் வெளியிட்ட 'உலா', தனியுரிமையை முன்வைத்துச் செய்தது. மத்திய அரசின் இந்திய பிரவுசர் போட்டியில் 2025-ல் முதல் பரிசும் வாங்கியது. பெயரும் தமிழ். சிற்றிலக்கியத்தில் 'உலா' என்றால் தலைவன் வீதியில் பவனி வருவான், ஏழு பருவத்துப் பெண்கள் நின்று பார்ப்பார்கள். இணைய வீதியில் நாம் உலா போனால் நின்று பார்ப்பது விளம்பர நிறுவனங்கள், அதற்கு ஏழு எட்டு என்று கணக்கு கிடையாது.

ஆனால் உலா, பிரேவ், எட்ஜ் எல்லாமே குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் மேல் கட்டியவை. குரோமியம் விண்டோஸ் 7-ஐ விட்டதும் இவையும் விட வேண்டியதாகிவிட்டது. விண்டோஸ் 10 இருந்தால் உலாவைத் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம்.

'சூப்பர்மியம்' என்று ஒன்று இருக்கிறது. புதிய குரோமியத்தை எக்ஸ்பி, விண்டோஸ் 7-லும் ஓடும்படி ஆர்வலர்கள் மாற்றி அமைத்தது. மூல நிரல் வெளிப்படையாகவே இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 115 ஒருநாள் நின்றுபோனால் பலர் இதன் பக்கம்தான் போவார்கள். இருந்தாலும் பின்னால் இருப்பது மிகச் சிறிய குழு. அவசரத் திருத்தம் ஒரு நாளில் வருமா, ஒரு மாதம் ஆகுமா என்பது அவர்கள் நேரத்தைப் பொறுத்தது. பாஸ்வேர்ட் எதுவும் போடாமல், படிக்க மட்டும் என்றால் சரி.

யூசி பிரவுசர் இன்னும் சில பழைய மெஷின்களில் இருக்கிறது. 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. எடுத்துவிடுங்க.

போட்டதும் மாற்ற வேண்டிய செட்டிங்

ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்கில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், டிராக்கிங் பாதுகாப்பை 'ஸ்ட்ரிக்ட்' என்று வையுங்கள். அதே பக்கத்தின் அடியில் 'ஹெச்டிடிபிஎஸ் மட்டும்' என்ற வசதியை ஆன் செய்யுங்கள். மொசில்லாவுக்குப் பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் டிக்கை எடுத்துவிடலாம். பிறகு 'யுபிளாக் ஆரிஜின்' என்ற ஒரே ஒரு ஆட்-ஆன். விளம்பரம் போவது போனஸ்தான். 2 ஜிபி ரேம் மெஷினில் ஒரு செய்தித் தளம் திறக்க எடுக்கும் நேரம் கண்கூடாகக் குறையும், ஏனென்றால் அந்த இழுவையில் பாதி விளம்பரத்தால் வருவது. (செய்தித் தளம் நடத்துபவர்களே இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்.) குரோமில் இதே ஆட்-ஆனின் முழுப் பதிப்புக்கு கூகுளின் புதிய விதிகள் இடம் கொடுக்கவில்லை.

குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை மறக்க வேண்டாம். புக்மார்க்கை மட்டும் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாற்றிக்கொண்டு, குரோமில் உள்ள பாஸ்வேர்டை அழித்துவிட்டு, அந்த பிரவுசரையே அன்இன்ஸ்டால் செய்வது நல்லது. இருந்தால் பழக்க தோஷத்தில் கை அங்கேதான் போகும்.

இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அது உங்கள் மெஷினில் ஹிஸ்டரியைச் சேமிக்காது, அவ்வளவுதான். இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனத்துக்கும் நீங்கள் போகும் தளத்துக்கும் நீங்கள் வந்தது தெரியும். இன்காக்னிட்டோவில் இருந்தவர்களின் தகவலையும் திரட்டியதாக அமெரிக்காவில் நடந்த வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-ல் கூகுள் ஒப்புக்கொண்டது.

'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று வந்தால்

பழைய லேப்டாப்பில் எந்தத் தளம் போனாலும் இந்த எச்சரிக்கை வருகிறதா? பயப்படும் முன் வலது மூலையில் தேதியைப் பாருங்க. 2009 என்றோ 2011 என்றோ காட்டினால் விஷயம் அதுதான். மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு சின்ன செல் இருக்கும், அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பின்னால் போய்விடும். தளத்தின் சான்றிதழ் 'இன்னும் பிறக்கவே இல்லை' என்று பிரவுசர் நினைக்கும். சர்வீஸ் கடையில் செல் மாற்றினால் தீர்ந்தது. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை, தொடர்க' என்று மட்டும் அமுக்காதீர்கள்.

அப்புறம் ஏன் பேங்க் வேலை கூடாது?

பிரவுசர் என்பது வீட்டின் வாசல் கதவு மாதிரி. கதவை மாற்றிவிட்டீர்கள், சரி. சுவர் விண்டோஸ் 7 ஆச்சே. யாரோ கொடுத்த பென் டிரைவ் வழியாக ஒரு வைரஸ் உள்ளே வந்து, நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் குறித்துக்கொண்டால் ஃபயர்ஃபாக்ஸால் எதுவும் செய்ய முடியாது. 2017 மே மாதம் உலகத்தையே கலங்கடித்த 'வான்னாக்ரை' வைரஸ் பிரவுசர் வழியாகப் பரவவில்லை. அப்டேட் செய்யாத விண்டோஸின் ஓட்டை வழியாக, ஒரு மெஷினில் இருந்து இன்னொரு மெஷினுக்கு நேராகத் தாவியது. பணம் அனுப்புவதை, அப்டேட் வரும் மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொபைலும் பழசு என்றால் அதே கணக்குதான். குரோம் 138-தான் ஆண்ட்ராய்டு 8, 9-க்குக் கடைசி. 2025 ஆகஸ்டில் வந்த 139-க்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும்.

லேப்டாப்பில் இருந்த இன்னொரு சிஸ்டம்

இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு இன்னொன்றும் பலருக்கு வந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் கருப்புத் திரையில் இரண்டாவதாக நின்ற 'பாஸ் லினக்ஸ்'. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பாட்டு கேட்க, கேம் ஆட விண்டோஸ் போதும் என்று பல பேர் அதைத் தொட்டதே இல்லை, இடம் அடைக்கிறது என்று அழித்தவர்களும் உண்டு. ஆனால் 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு முடிந்தபோது, தமிழக அரசு தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குச் சொன்ன வழியே பாஸ் லினக்ஸ்தான்.

இப்போதும் பழைய லேப்டாப்புக்கு உருப்படியான வழி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் பழைய பாஸ் லினக்ஸைத் திறந்து பயன் இல்லை, அதுவும் விண்டோஸ் 7 மாதிரி காலாவதிதான். புதிய லினக்ஸ் போட வேண்டும். 64 பிட் ப்ராசஸரும் 4 ஜிபி ரேமும் இருந்தால் லினக்ஸ் மின்ட் வசதியாக ஓடும், அதில் ஃபயர்ஃபாக்ஸின் புத்தம் புதிய பதிப்பே கிடைக்கும். 2 ஜிபி-யில் ஓடும், ஆனால் நான்கு டேப் திறந்தால் திணறும். அந்த மாதிரி மெஷினுக்கு 'ஆன்டிஎக்ஸ்' போன்ற இலகுவான லினக்ஸ் இருக்கிறது. ஒன்று கவனிக்கணும்: ஸ்டார்ட்டர் விண்டோஸ் 32 பிட் என்பதால் ப்ராசஸரும் 32 பிட் என்று முடிவு கட்ட வேண்டாம். உண்மையிலேயே 32 பிட் ப்ராசஸர் என்றால் அங்கேயும் நேரம் குறைவு, 32 பிட் லினக்ஸுக்கான ஃபயர்ஃபாக்ஸ் வழக்கமான வரிசையில் 144-ஓடு நின்றுவிட்டது.

இதற்காக விண்டோஸை உடனே அழிக்கத் தேவையில்லை. 4 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். பிடிக்கவில்லையா, பென் டிரைவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பிடித்துப்போய் இன்ஸ்டால் செய்வதாக இருந்தால், அதற்கு முன் அண்ணனின் காலேஜ் போட்டோக்களை வேறு எங்காவது காப்பி எடுத்துவிடுங்கள். பல வீடுகளில் அவை அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும்.